தச்சு மேசைக்குக் கால் வைஸ்: திருகும் நட்டும் தெரிந்தெடுக்கும் முறை

தறி நின்று போவதற்கு நூல் தட்டுப்பாடு ஒன்றே காரணம் அன்று. மிதிக்கட்டை பிளந்தாலும், படமரம் வளைந்தாலும், நாடாப் பெட்டியின் பக்கப்பலகை தேய்ந்தாலும் தறி நின்றுவிடும். நெசவாளிக்குக் கூலி நெய்த துணிக்கே உண்டு. தறி நின்ற நாளுக்கு இல்லை. உடைந்த உறுப்பை எடுத்துக்கொண்டு வெளியூர்த் தச்சரைத் தேடிச் சென்று, அவர் கைவேலை முடியும் வரை காத்திருந்தால் இரண்டு மூன்று நாட்கள் வீணாகின்றன. இக்காரணம் பற்றியே சேலம், இளம்பிள்ளை, இராசிபுரம், திருச்செங்கோடு ஆகிய வட்டாரங்களிலுள்ள சங்கங்கள் தமக்கென ஒரு சிறு தச்சுப்பட்டறை வைத்துக்கொள்வது நலம். விவசாய அங்கத்தினர்களுக்கும் அப்பட்டறை பயன்படும். மண்வெட்டிக் காம்பு, ஏணி, கோழிக் கொட்டகைக் கதவு, மரவள்ளிக் கிழங்கு சுமக்கும் வண்டியின் பக்கச் சட்டம் ஆகிய யாவும் அங்கே செப்பனிடத் தக்கவையே.

பட்டறை என்றவுடன் நிர்வாகக் குழுவினர் இழைப்புளி, உளி, வாள் ஆகியவற்றின் விலையைத்தான் முதலில் விசாரிக்கின்றனர். இவை எத்துணை உயர்ந்தவையாயினும், மரத்தை அசையாமல் பிடித்துக்கொள்ளும் சாதனம் செம்மையாக இல்லாவிடில் வேலை செம்மைப்படாது. அச்சாதனத்தில் நம் நிலைமைக்கு ஏற்றது எது, அதற்குரிய இரும்புச் சாமான்களை எவ்வாறு பார்த்து வாங்குவது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிடிமானம் ஏன் இன்றியமையாதது?

நம் தச்சர்கள் தொன்றுதொட்டுத் தரையில் அமர்ந்து, காலால் மரத்தைப் பற்றிக்கொண்டு வேலை செய்து பழகியவர்கள். சிறு கட்டைகளுக்கு அம்முறை இன்றும் பொருந்தும். அதன் திறமையைக் குறைத்துக் கூறுவதற்கில்லை. ஆனால் ஐந்தாறு அடி நீளமுள்ள பலகையின் விளிம்பை ஒரே நேர்கோட்டில் இழைக்க வேண்டுமாயின் காலின் பிடி போதாது. மரம் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் இழைப்பு அலையலையாக விழும். உளி வழுக்கினால் காயம்படுவதும் அந்தக் காலேயாகும்.

தறி வேலைக்கு இந்த நேர்த்தி மிகவும் வேண்டப்படுவது. நாடாவைக் கையால் எறிந்து நெய்த காலத்தில் பலகையின் சிறு கோணலை நெய்பவரின் கையே சரிசெய்துகொண்டது. இங்கிலாந்தில் ஜான் கே என்பார் 1733-ஆம் ஆண்டில் கயிற்றை இழுத்து ஓட்டும் விசை நாடாவுக்கு உரிமம் பெற்றார். இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் ஆல்பிரெட் சாட்டர்டன் அவர்கள் சேலத்தில் அரசாங்க நெசவுச்சாலை ஒன்றை அமைத்து, அத்தகைய தறிகளைப் பரப்ப முயன்றார். விசை நாடா ஓடும் பலகையும் அதன் இரு முனைப் பெட்டிகளும் ஒரே நேரில் அமையாவிடில் நாடா தடம் புரண்டு வெளியே பாயும். பாவு இழைகள் அறும். அருகில் இருப்பவர்க்கும் அபாயம். ஆகவே விசை நாடா வந்த நாள் முதல் தச்சரின் இழைப்பு நெசவாளியின் கூலியோடு நேராகச் சம்பந்தப்பட்டுவிட்டது.

கால் வைஸ் என்பது யாது?

மேசையின் முன்புறக் கால் ஒன்றையே ஒரு தாடையாகக் கொண்டு, அதன் எதிரே நீண்ட மற்றொரு கட்டையை நிறுத்தி, இரண்டையும் ஒரு திருகினால் நெருக்குவதே கால் வைஸ் ஆகும். இதற்கு நான்கு உறுப்புகள் உண்டு. முதலாவது, மேசையின் மேல்மட்டத்திலிருந்து ஏறக்குறையத் தரை வரை நீளும் தாடைக்கட்டை. இரண்டாவது, அதனையும் மேசைக் காலையும் ஊடுருவிச் செல்லும் திருகு. மூன்றாவது, காலின் பின்புறம் பொருத்தப்படும் நட்டு. நான்காவது, தாடைக்கட்டையின் அடியில் பொருத்தப்பட்டு, மேசைக் காலிலுள்ள துளை வழியே உட்சென்று வெளிவரும் அடிச்சட்டம். அச்சட்டத்தில் வரிசையாகத் துளைகள் இருக்கும். பிடிக்க வேண்டிய மரத்தின் கனத்துக்கு ஏற்ப ஒரு துளையில் இரும்பு முளையைச் செருகிவிட்டால், தாடையின் அடிப்பகுதி அந்த அளவுக்கு மேல் உள்ளே நகராது.

இது புதிய கண்டுபிடிப்பன்று. பிரான்சு நாட்டுத் தச்சர் ரூபோ என்பார் 1769 முதல் பகுதி பகுதியாக வெளியிட்ட தச்சுக்கலை நூலில் காட்டியுள்ள மேசையிலும் இத்தகைய வைஸ் காணப்படுகிறது. இக்காலத்திலும் மேலைநாட்டுக் கைத்தொழில் தச்சர்கள் இதனையே விரும்பி அமைத்துக்கொள்கின்றனர்.

முழுவதும் வார்ப்பிரும்பாலான வைஸ் கடையில் கிடைக்கும்போது இது எதற்கு என்று வினவலாம். இரும்பு வைஸில் திருகும் வழிகாட்டிக் கம்பிகளும் தாடையின் மேல்விளிம்புக்குச் சில அங்குலங்களுக்குக் கீழேயே குறுக்கிடுவதால் அகலமான கட்டையை ஆழமாக இறக்கிப் பிடிக்க இயலாது. கால் வைஸில் திருகுக்கு மேல் 8 அங்குல ஆழம் கிடைக்கும். இரும்பு வைஸ் உடைந்தால் முழுவதையும் மாற்ற நேரிடும். இதிலோ மரப்பகுதிகள் உள்ளூரில் கிடைப்பவை. விலை கொடுத்து வாங்க வேண்டியவை திருகும் நட்டும் சில சில்லறைச் சாமான்களுமே.

திருகின் மரை

சாமான்களுள் முதன்மையானது திருகு. அதன் மரை மூவகைப்படும். சாதாரண போல்ட்டுகளில் காணும் முக்கோண மரை இறுக்கி விட்டுவிடுவதற்கு ஏற்றது, நாள்தோறும் நூறு முறை திருகுவதற்கு ஏற்றதன்று, விரைவில் தேய்ந்துவிடும். சதுர மரை உழைக்கும். ஆனால் வெட்டுவது கடினம். இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது, பக்கங்கள் சற்றே சரிந்து அடி அகன்ற ஆக்மி மரை. லேத் பட்டறையில் இதனை வெட்டுவது எளிது, வலிமையும் மிகுதி. சங்கங்களுக்கு இதனையே பரிந்துரைக்கலாம்.

அடுத்துப் பார்க்க வேண்டியது விட்டமும் மரை இடைவெளியும். திருகின் மரை என்பது ஒரு தூணைச் சுற்றிச் சுற்றி ஏறும் சரிவுப் பாதையேயாகும். கொல்லிமலைச் சாலை 70 கொண்டையூசி வளைவுகளில் சுற்றி ஏறுவதால்தான் பாரவண்டியும் மேலே செல்ல முடிகிறது. பாதை செங்குத்தாக இருப்பின் விரைவில் உச்சியை அடையலாம். ஆனால் ஏற்றுவது கடினம், வண்டி பின்னோக்கி உருளவும் கூடும். திருகும் அவ்வாறே. மரை இடைவெளி பெரிதாயின் தாடை விரைவாக நகரும். ஆனால் பிடி தளரும் அபாயம் உண்டு.

எண்களால் இதனைக் காண்போம். 32 மில்லிமீட்டர் விட்டமும் 6 மில்லிமீட்டர் இடைவெளியும் உள்ள ஆக்மி போன்ற சரிவு மரைத் திருகு எளிதில் வெட்டக்கூடிய அளவு. இதன் சராசரி விட்டம் 29 மில்லிமீட்டர். சுற்றளவு ஏறத்தாழ 91 மில்லிமீட்டர். எனவே நூற்றுக்கு ஆறரைப் பங்கு சரிவு. எஃகுக்கும் நட்டின் உலோகத்துக்கும் உள்ள உராய்வு பொதுவாக நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு வரை இருக்கும். சரிவு உராய்வினும் குறைவாயிருப்பதால், கையை எடுத்தாலும் திருகு தானாகத் தளராது. அதே விட்டத்தில் இரட்டை மரை வெட்டினால் ஒரு சுற்றுக்கு 12 மில்லிமீட்டர் நகரும். ஆனால் சரிவு நூற்றுக்குப் பதின்மூன்று ஆகிவிடும். அதில் எண்ணெயும் பட்டால், கொட்டாப்புளியின் அதிர்வில் பிடி நழுவக்கூடும். இரட்டை மரை விரைவாக வேலை செய்யும் என்று விற்பனையாளர் கூறுவது உண்மையே. எனினும் உளி வேலை மிகுந்த பட்டறைக்கு ஒற்றை மரையே காப்பானது. 10 சென்டிமீட்டர் திறப்பதற்குப் பதினேழு சுற்றுகள் சுற்ற வேண்டியிருப்பது ஒரு பெருங்குறை அன்று.

மரத்தாலேயே திருகு கடைந்து கொள்வதும் உண்டு. இரண்டு அல்லது இரண்டரை அங்குல விட்டத்தில், அங்குலத்துக்கு இரண்டு மரை வீதம் வெட்டுவர். ஒரு சுற்றுக்கு அரை அங்குலம் நகரும். அத்துணைப் பருமனாக இருப்பதால் சரிவும் மிகாது. எண்ணெய் வேண்டுவதில்லை. ஆனால் மரத்தில் மரை வெட்டும் கருவி எளிதில் கிடைப்பதன்று. மழைக்காலத்தில் மரம் பருத்துத் திருகு இறுகுவதும் உண்டு. தேர்ந்த கடைசல்காரர் கிடைத்தாலன்றிச் சங்கங்கள் இதில் இறங்க வேண்டா.

நீளம்

பலர் தவறு செய்யும் இடம் இது. தாடைக்கட்டையின் கனம் 6½ சென்டிமீட்டர், மேசைக் காலின் கனம் 9, நட்டின் நீளம் 5, வேண்டிய திறப்பு 20 எனக் கொண்டால் கூட்டுத்தொகை 40½ சென்டிமீட்டர். ஆகவே திருகின் கழுத்துக்கு அப்பால் 42 சென்டிமீட்டர் நீளம் வேண்டும். நாமக்கல், சங்ககிரி வட்டாரங்களில் பழைய லாரி ஜாக்கியின் திருகை மலிவாக வாங்கிப் பொருத்தும் யோசனை சிலருக்கு உண்டு. அதன் மரை நல்ல வலிமை உடையதே. ஆனால் நீளம் பெரும்பாலும் போதாது. அளந்து பாராமல் வாங்குதல் கூடாது. மேலும், வைஸ் மூடிய நிலையில் திருகின் வால் காலின் பின்புறம் ஓர் அடி வரை நீட்டிக்கொண்டிருக்குமாதலால், அவ்விடத்தில் இழுப்பறையோ பலகைத் தட்டோ அமைக்கலாகாது.

நட்டும் கழுத்துப் பட்டையும்

திருகும் நட்டும் ஒன்றோடொன்று உராய்வதில் ஏதேனும் ஒன்று தேய்ந்தே தீரும். தேய்வது விலை குறைந்ததாகவும் மாற்ற எளியதாகவும் இருக்கட்டும். எஃகுத் திருகுக்கு எஃகு நட்டுப் போட்டால் இரண்டும் ஒன்றையொன்று பற்றிக் கீறிக்கொள்ளும். வெண்கல நட்டு மிகச் சிறந்தது. வார்ப்பிரும்பு நட்டும் நன்கு உழைக்கும், விலையும் குறைவு. நட்டின் நீளம் திருகின் விட்டத்துக்குக் குறையாமல், ஒன்றரை மடங்கு வரை இருத்தல் நலம். திருகு செய்விக்கும்போதே இரண்டு நட்டுகளைச் செய்து வாங்கி, ஒன்றைப் பத்திரப்படுத்த வேண்டும். சில ஆண்டுகள் கழித்து அதே மரைக்குப் பொருந்தும் நட்டைத் தேடுவது வீண் அலைச்சல்.

நட்டை மேசைக் காலின் பின்புறத்தில் பொருத்த வேண்டும். அப்போதுதான் திருகின் இழுப்பு முழுவதும் மரத்தை நெருக்குவதாக அமையும். முன்புறத்தில் வைத்தால் அந்த இழுப்பை அதன் மரையாணிகள் தாங்க வேண்டியிருக்கும். நாளடைவில் அவை பிடுங்கிக்கொள்ளும்.

கழுத்துப் பட்டை என்பது திருகின் தலைக்கருகே உள்ள பள்ளத்தில் அமர்ந்து, தாடைக்கட்டையோடு பிணைக்கப்படும் இரு அரைவட்டத் தகடுகள். திருகைத் தளர்த்தும்போது தாடையும் உடன் வெளிவருவது இதனால்தான். சிக்கனம் கருதி இதனை விட்டுவிட்டால், ஒவ்வொரு முறையும் தாடையைக் கையால் இழுக்க நேரிடும்.

தாடை, அடிச்சட்டம், முளை

திருகு தரும் வலிமை முழுவதும் மேலே மரத்தைப் பிடிக்குமிடத்துக்கு வந்து சேருவதில்லை. அடியிலுள்ள முளையே நெம்புகோலின் ஊன்றுமிடம். மேசை 84 சென்டிமீட்டர் உயரம் என்றும், திருகு மேல்மட்டத்துக்கு 21 சென்டிமீட்டர் கீழே என்றும், முளை தரையிலிருந்து 9 சென்டிமீட்டர் மேலே என்றும் கொள்வோம். முளையிலிருந்து திருகு வரை 54, மேல்விளிம்பு வரை 75. ஆக, திருகின் வலிமையில் நூற்றுக்கு 72 பங்கு மேலே கிடைக்கும். அடிச்சட்டத்தைத் தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் வைத்தால் இது 61 ஆகக் குறையும். ஆகவே அடிச்சட்டத்தைக் கூடியவரை தாழ்வாக வைப்பதே முறை.

15 சென்டிமீட்டர் நீளக் கைப்பிடியை ஒருவர் 10 கிலோ வலிமையோடு சுற்றினால், உராய்வு இல்லாதபோது 1,500 கிலோவுக்கு மேல் கிடைக்க வேண்டும். உராய்வு அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடும்; ஐந்தில் ஒரு பங்கு நின்றாலும் 300 கிலோ. அதில் 72 பங்கு வீதம் மேலே 216 கிலோ. இது தறி உறுப்பு எதனையும் பிடிக்கப் போதிய வலிமை. இதற்குமேல் பருமனான திருகை வாங்குவது வீண் செலவே.

முளை செருகும் துளைகளை ஒரே வரிசையில் போடாமல், இரு வரிசைகளாக மாற்றி மாற்றிப் போட்டால் நுண்ணிய அளவு கிடைக்கும், சட்டமும் வலுவிழக்காது. அடியிலுள்ள இடைவெளி, பிடிக்கும் மரத்தின் கனத்தைவிடச் சற்றே கூடுதலாக இருக்குமாறு முளையைச் செருக வேண்டும். அப்போது தாடையின் மேல்விளிம்பு முதலில் மரத்தைப் பற்றும்.

ஒவ்வொரு கனத்துக்கும் குனிந்து முளையை மாற்றுவது தொல்லை என்பது உண்மை. அதற்கு மாற்றாக, இரண்டு இரும்புப் பட்டைகளைக் கத்தரி போல் குறுக்கே பிணைத்துத் தாடையை எப்போதும் நேராக நிறுத்தும் அமைப்பும், சைக்கிள் சங்கிலியை ஒத்த சங்கிலி அமைப்பும் உள்ளன. சங்கப் பட்டறையில் ஒரே கனமுள்ள மிதிக்கட்டைகளைப் பத்து இருபது என்று தொகுதியாகச் செய்வதால், முளையே போதுமானது. மிச்சப்படும் பணத்தில் அடிச்சட்டத்தின் கீழே ஒரு சிறு பேரிங் உருளையை வைத்தால் தாடையின் பாரத்தை அது தாங்கும். திருகு விரலால் சுற்றும் அளவுக்கு இலேசாகும். லாரிப் பட்டறைகள் மலிந்த நாமக்கல்லில் இத்தகைய உருளைக்குப் பஞ்சமில்லை.

தாடைக்கு வைரம் பாய்ந்த கருவேலம், வாகை, வேம்பு ஆகியவை போதும், தேக்கு தேவையில்லை. வெளிறு நீக்கிய மரமாக இருக்க வேண்டும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு நிழலில் உலர்த்துதல் பழைய கணக்கு. சித்திரை வெயிலில் அறுத்த பச்சை மரத்தைப் பொருத்தினால் அது முறுக்கிக்கொள்ளும். அடிச்சட்டம் செல்லும் துளையில் சிறிது தளர்வு விட்டால் ஐப்பசி மழையிலும் இறுகாது. தாடையின் உட்புறத்தில் தோல் ஒட்டினால் மரத்தில் தழும்பு விழாது. உருண்டையான படமரத்தைப் பிடிக்க, நடுவே பள்ளம் வெட்டிய துணைக்கட்டை ஒன்றைச் செய்து வைத்துக்கொள்க.

எண்ணெய் பற்றி ஓர் எச்சரிக்கை

திருகுக்கு கிரீஸ் தாராளமாகப் பூசும் வழக்கம் உண்டு. மரத்தூள் அதில் ஒட்டி அரைபசை போலாகி மரையைத் தேய்க்கும். அதனினும் பெருந்தீங்கு ஒன்றுண்டு. அக்கறை தச்சரின் கையிலிருந்து நாடாவுக்கும் பலகைக்கும், அங்கிருந்து பாவுக்கும் செல்லும். வெண்பட்டில் ஒரு சிறு எண்ணெய்க் கறை விழுந்தால் அத்துணியின் விலையே இறங்கிவிடும். ஆகவே திருகுக்கு மெழுகு தேய்ப்பதே நெசவாளர் பட்டறைக்கு உகந்தது.

வாங்கும் முறை

பரிசீலனைக்குச் சென்ற ஒரு சங்கத்தில், 'வைஸ் ஒன்று' என்று மட்டும் எழுதி மூன்று விலைப்புள்ளிகள் பெற்று, குறைந்த விலைக்கு வாங்கியிருந்தனர். பதிவேட்டில் பிழை ஒன்றுமில்லை. ஆனால் வந்தது முக்கோண மரைத் திருகு. ஓராண்டுக்குள் மரை கழன்று, தச்சர் மீண்டும் காலால் பிடித்து வேலை செய்துகொண்டிருந்தார். குறைந்த விலையை ஏற்பது விதி. எதற்கு விலை கேட்கிறோம் என்பதைத் தெளிவாக எழுதுவது நம் பொறுப்பு. விவரம் எழுதாமல் விலை கேட்டால், மலிவான சரக்கே விலைப்புள்ளியில் வெல்லும்.

விலைப்புள்ளி கோரும் கடிதத்தில் கீழ்க்கண்டவற்றைக் குறிப்பிடுக:

1. திருகு: எஃகு, விட்டம் 32 மி.மீ.; ஒற்றை மரை; இடைவெளி 6 மி.மீ.; ஆக்மி அல்லது அதனையொத்த சரிவு மரை.
2. கழுத்துக்கு அப்பால் நீளம் 42 செ.மீ.
3. நட்டு: வெண்கலம் அல்லது வார்ப்பிரும்பு, நீளம் 5 செ.மீ.; அடித்தகட்டில் நான்கு துளைகள்; எண்ணிக்கை இரண்டு.
4. கழுத்துப் பட்டை ஒரு ஜோடி, மரையாணிகளுடன்.
5. கைப்பிடித் தண்டு 30 செ.மீ., நடுவில் பொருந்துவது.
6. முளை: 12 மி.மீ. இரும்புக் கம்பி, வளையத்துடன்.

சரக்கு வந்ததும் தச்சரை உடன் வைத்துக்கொண்டு சோதித்த பின்னரே பணம் கொடுத்தல் வேண்டும். திருகைச் சமதளத்தில் உருட்டினால் வளைவு தெரிந்துவிடும். நட்டு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை எங்கும் இறுகாமலும் ஆட்டம் மிகாமலும் ஓட வேண்டும். மேசையில் பொருத்திய பின், தாடையின் மேல்விளிம்பில் இரு ஓரங்களிலும் நடுவிலும் காகிதத் துண்டுகளை வைத்து இறுக்குக. எந்தத் துண்டும் இழுத்தால் வரலாகாது. ஒன்று வருமாயின் தாடையை அவ்விடத்துக்கேற்ப இழைத்துச் சரிசெய்ய வேண்டும்.

செலவு தகுமா என்பதை நிர்வாகக் குழுவினர் தம் பதிவேட்டைக் கொண்டே கணக்கிடலாம். கடந்த ஓராண்டில் மர உறுப்புப் பழுதினால் எத்தனை தறிகள் எத்தனை நாட்கள் நின்றன என்று அங்கத்தினர்களைக் கேட்டு எழுதுக. அந்த நாட்களை ஒரு நாள் கூலியால் பெருக்குக. வரும் தொகையைத் திருகின் விலைக்கும் தச்சரின் கூலிக்கும் எதிரே வைத்துப் பொதுக்குழுவில் படித்துக் காட்டினால், அங்கத்தினர்களே முடிவு செய்வார்கள். வாங்கிய பின் தளவாடப் பதிவேட்டில் திருகையும், மாற்று நட்டையும் தனித்தனியே பதிந்து, மாற்று நட்டு இருக்குமிடத்தையும் குறித்து வைத்தல் வேண்டும்.